ஒரே சர்வரில் இரண்டு பைத்தான்

பேகம்பேட்டில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் நாற்பத்தைந்து வயதில் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தவர். ஆறு மாதம் ஒழுங்காகத் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். அதை நம்பி மனைவியையும் மகளையும் திருமுல்கேரிக்குக் கூட்டி வந்துவிட்டார். எல்லோர் முன்னாலும் "இங்க பாரும்மா" என்று ஆரம்பித்து, எனக்குத் தெரிந்ததையே எனக்குப் பாடம் எடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐந்தாவது மாதம் எங்கள் புரோகிராமுக்குப் பைத்தான் மொழியின் புதிய பதிப்பு தேவைப்பட்டது. சர்வரில் இருந்தது பழையது. மாற்றும் பொறுப்பு அவருடையது. காலையில் என் மேசைக்கு வந்தார்.

"பழசைத் தூக்கிட்டுப் புதுசைப் போட்டுடவாம்மா?"

கூடாது என்று எனக்குத் தெரியும். அந்த சர்வரில் எந்த மென்பொருளைப் போடுவதற்கும் ஒரே ஒரு கருவிதான். அந்தக் கருவியே பழைய பைத்தானை நம்பித்தான் ஓடுகிறது; பழையதைத் தூக்கினால் கருவியும் போய்விடும். புதியதைத் தனி ஃபோல்டரில், தனிப் பெயரில், பழையதற்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

"உங்களுக்குத் தெரியாததா சார்," என்றேன்.

போனவர் திரும்பி வந்தார். "ஏதோ வார்னிங் வருதும்மா."

"அது அப்படித்தான் வரும் சார்."

கொஞ்ச நேரத்தில் சர்வரில் எல்லாம் படுத்துவிட்டது. மதியம் வாடிக்கையாளருக்கு அதே சர்வரில்தான் டெமோ. மேனேஜர் வந்து, செய்வதற்கு முன் யாரையாவது கேட்டீர்களா என்றார். சென்னைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன்.

"இல்லை சார், நானாகத்தான் செய்தேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இன்னொரு சர்வரிலிருந்து பழைய பைத்தானைக் கொண்டுவந்து நான்தான் எல்லாவற்றையும் எழுப்பினேன். மேனேஜர் பாராட்டினார். கேவலமான சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது ஒரு நோட்டும் பேனாவுமாக என்னிடம் வந்தார்.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எப்படி வெக்கறதுன்னு மட்டும் சொல்லிடும்மா. இங்கேருந்து ஏன் வெளியே வந்தேன்னு அடுத்த இன்டர்வியூல கேப்பாங்க. இப்ப கத்துக்கிட்டேன்னாவது சொல்லணும்."

"மீட்டிங் இருக்கு சார்," என்று எழுந்தேன். அன்று எனக்கு எந்த மீட்டிங்கும் இல்லை.