உடைமரத்தில் தொங்கிய கண்ணி

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். இதை மட்டும் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. நம்பாவிட்டால் விடுங்கள்.

பனவடலிசத்திரம் போகிற பக்கம் எங்கள் ஊர். மக்காச்சோளக் காட்டு ஓரம் முயலுக்குக் கண்ணி வைப்பேன். கற்றாழை நாரை நானே திரித்துச் சுருக்குப் போடுவேன், அது முயல் தலை நுழைகிற உயரத்தில் இருக்க வேண்டும். நாரைக் கத்தியால் அறுப்பதில்லை, இரும்பு வாடைக்கு முயல் ஒதுங்கிவிடும், பல்லால்தான் கடித்து எடுப்போம். ஒருவன் தடத்தில் இன்னொருவன் கண்ணி வைக்கக்கூடாது. அது எங்களுக்குள் கட்டு.

ஒருநாள் காலை என் தடத்தில் நான் வைக்காத கண்ணி, உடைமர முள்கொப்பில் முழங்கால் உயரத்தில் தொங்கியது. பிய்த்து எறிந்தேன், நுனியைக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் இடுப்பளவில் இன்னொன்று இருந்தது, அதையும் அப்படியே பிய்த்து எறிந்தேன். அந்தத் தடம் தெரிந்த வேறு ஆள் என் தங்கச்சி மாப்பிள்ளை முருகையாதான், எங்களுக்குள் வரப்புத் தகராறு வேறு இருந்தது, என்னை மிரட்டப் பார்க்கிறார் என்று நினைத்து அவர் வாசலில் நின்றே கேட்டுவிட்டேன்.

"முயலு என்ன மரம் ஏறியா போவுது, மச்சான்? அந்த ஒசரத்துல வைக்க நான் என்ன கூறுகெட்டவனா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். தங்கச்சி அழுதாள். அவளுக்காகத்தான் மறுநாள் விடியும்போது அவர் என்னோடு வந்தார், நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று.

தொங்கியது. இன்னும் மேலே. மாப்பிள்ளை என்னைவிடக் குட்டை. பக்கத்தில் போய் நின்றார், சுருக்கு சரியாக அவர் கழுத்துக்கு வந்தது. எனக்கு நெஞ்சுக்குத்தான்.

நுனியைப் பிடித்துப் பார்த்தார். கடித்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. என் முன்பல் பாதி உடைந்தது, நான் கடித்த நாரில் நடுவே ஒரு பிசிறு நீளமாக நிற்கும், ஊருக்கே தெரியும். அதிலும் நின்றது.

"இது ஒம்ம பல்லுலா, மச்சான்."

முந்தின ராத்திரி நான் வீட்டை விட்டு அசையவில்லை. வாசல் கதவை அடைத்துப் படுத்திருந்த என் மனைவி எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்வாள்.

கண்ணிகளை எரித்துவிட்டேன். காட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளை பேசுகிறார், சாப்பிடக்கூட வருகிறார். நடக்கும்போது மட்டும் என்னை முன்னே விட்டுத்தான் பின்னால் வருவார்.

வீட்டில் இப்போது துண்டு நார் கிடையாது. ஆனாலும் சில நாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது பல்லிடுக்கிலிருந்து கற்றாழை நார் வருகிறது. மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.