பொம்மிடி மாப்பிள்ளைகளை இறக்கிவிட்ட ஸ்காட்லாந்து மெட்டு

1971 மே மாதத் தேதியிட்ட விமானத் தபால் ஒன்று என் கோப்பில் இருக்கிறது. ஸ்காட்லாந்து நூலகம் ஒன்றின் இசைப் பிரிவு அனுப்பியது. நான் எழுதிக் கேட்ட மெட்டு அந்நாட்டு மரபுப் பிடில் மெட்டுதான், நூறாண்டுக்கு முந்தைய கையெழுத்துச் சுவடியிலேயே இருக்கிறது என்று உறுதி செய்திருந்தார்கள். அடுத்த வரியில்தான் சிக்கல். இறந்த மனைவியை நினைத்து ஒருவர் வாசித்த இரங்கல் மெட்டாம் அது.

பொம்மிடியில் அதை வாசித்துத்தான் மாப்பிள்ளையைக் காரிலிருந்து இறக்குவார்கள்.

நான் அப்போது ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க். எதிர்ச் சந்தில் பேண்டு மாஸ்டர் பாயின் வீடு. அவருடைய அத்தா, அதாவது தகப்பனார், வெள்ளைக்காரர் காலத்தில் பெங்களூர் ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். அங்கே ஒரு ஸ்காட்லாந்துச் சிப்பாய் பிடிலில் வாசித்ததைக் கேட்டுக் கேட்டே மெட்டைப் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்தார். இதை பாய் சொல்லி நான் குறித்துக்கொண்டது 1968இல். பிறகு பாய் பாடிக் காட்ட, தருமபுரியில் ஒரு பள்ளி இசை ஆசிரியை மேல்நாட்டு முறையில் எழுதித் தந்தார். அதைத்தான் அனுப்பியிருந்தேன்.

பதில் வந்தபோது பாயின் மகள் நிக்காஹுக்கு ஒன்பது நாள் இருந்தது.

"கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றாள் என் மனைவி. "தேதி தேதியா எழுதி, கடைசியில எழவுல கொண்டாந்து விட்டீங்க."

ஒருநாள் பொறுத்தேன். அவர் வீட்டு மெட்டைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருப்பது முறையாகப் படவில்லை. போய்ச் சொன்னேன்.

டிரம் அடிக்கும் அவர் தம்பிதான் முதலில் பேசினார். "அப்ப இத்தினி வருசமா எழவுப் பாட்டு ஊதித்தான் மாப்பிள்ளைங்கள உள்ள அனுப்பியிருக்கோம். பொருத்தமாத்தாண்ணே இருக்குது."

பாய் சிரிக்கவில்லை. "வெளிய தெரிஞ்சா எவனாச்சும் கூப்புடுவானா சார்? அத வுடுங்க. எம் பொண்ணு வாசல்ல நான் எப்படி ஊதறது?"

கடிதத்தின் கடைசிப் பத்தியையும் படித்துக் காட்டினேன். நான் அனுப்பியதில் மூன்று பகுதிகள், சுவடியில் இரண்டுதான். மூன்றாவதை அங்கே யாரும் கேட்டதில்லையாம். துள்ளி வரும் பகுதி அது. அதை எடுக்கும்வரை மாப்பிள்ளை தரையில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம்.

"இன்னொரு தரம் படிங்க சார்."

படித்தேன்.

"அது எங்க அத்தா போட்டது" என்றார். "பொண்டாட்டிய எழந்த அந்த மனுசன் அழுதுகிட்டு தெருவுலயே நின்னுட்டான். எங்க அத்தா அவன வூட்டுக்குள்ள கூட்டியாந்திருக்காருங்க."

அன்றே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். சம்பந்தி கேட்டது ஒன்றுதான்: "மூணாவது நம்மூருதுதானே? ஊதுங்க."

நிக்காஹ் அன்று பெண்ணின் தகப்பனே கிளாரினெட்டோடு காருக்கு முன்னால் நின்றார். வேகமாகவே வாசித்துப் பழகிய முதலிரண்டு பகுதிகளை அன்று மெதுவாக வாசித்தார். மூன்றாவதை எடுத்ததும் மாப்பிள்ளை இறங்கினார். சீமைச் சுவடியில் இல்லாத இசை எங்கள் ஊர்ச் சந்தில் கேட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நூலகத்துக்கு மறுபடி எழுதி, மூன்றாம் பகுதிக்கு எதிரே பொம்மிடி என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன். குறித்துக்கொண்டதாகப் பதில் வந்தது. இயற்றியவர் அத்தாதான் என்பதற்கு மட்டும் மகனின் வாய்ச்சொல் தவிர வேறு சான்று இல்லை. அந்த ராணுவ பேண்டில் வேறு யாராவது போட்டதாகவும் இருக்கலாம். இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை.