உச்சிவெயிலில் இறங்கிய ஊற்று

மெரினா மணலில் கப்பல் ஏறி நின்றதே, ஊரே சோறு கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனதே, அதற்கப்புறம் வந்த வறட்சிக் கோடை அது. கப்பல் கதையை எடுத்தால் பொழுது போய்விடும். நான் சொல்ல வந்தது ஈரமணல் வாசனையை.

எண்ணூருக்கு மேற்கே நாங்கள் குடியிருந்த இடத்தில் ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. கரையில் "வேலிக்காத்தான்" முள்மரங்கள் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றன. அவற்றின் அடியில் தோண்டிய ஊற்றில், விடியும்போது தண்ணீர் முழங்கால் அளவுக்கு நிற்கும். வெயில் ஏறுமுன் கொட்டாங்கச்சியால் மொண்டுகொண்டு, சாயங்காலத்துக்கென்று பாதியை விட்டு, முள்ளால் மூடிவிட்டு வருவது வழக்கம். உச்சிவேளையில் போய்ப் பார்த்தால் அந்தப் பாதியும் இருக்காது. முள் வைத்தது வைத்தபடி கிடக்கும்.

சவரிதான் குடிக்கிறான் என்றார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். போன கோடையில் வாந்திபேதியில் போனவர். பேதி கண்டவனுக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது அன்றைய வழக்கம். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். மனைவி ஆரோக்கியம் அக்கா மனது கேளாமல் எடுத்துப்போன தம்ளரைப் பிடுங்கி வைத்தவர் என் அப்பா. நைனா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம்.

"உன் வூட்டுக்காரரு எங்களுக்கும் கொஞ்சம் வுட்டுவெக்கட்டும்மே" என்று பெண்கள் குத்துவார்கள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

"குடிக்கட்டும். இப்பனாச்சும் குடிக்கட்டும்."

நைனாவுக்கு அது பொறுக்கவில்லை. செத்தவன் குடிக்கவில்லை, பகலெல்லாம் மரம் உறிஞ்சுகிறது, ராத்திரி அது சும்மா இருப்பதால் ஊற்று ஊறுகிறது என்று சொல்லி, ஆட்களோடு போய் மரங்களை அடியோடு வெட்டினார். மறுநாள் உச்சியில் விட்ட தண்ணீர் விட்டபடி மினுங்கியது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆரோக்கியம் அக்கா மட்டும் ஊற்றருகே உட்கார்ந்து, தளும்பிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்காமயே பூட்டாரு நைனா" என்றார். என் நைனாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

வேலிக்காத்தான் வெட்டினால் சாகிற மரமில்லை. கோடை முடியுமுன்பே கட்டைகளில் தளிர்விட்டுப் புதராக எழும்பியது. ஒருநாள் மத்தியானம் அக்கா எங்கள் வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு.

"தண்ணி கொறஞ்சிகீது. வந்து பாரேன்."

உள்ளே நைனா கத்தியைக் கையில் எடுத்துவிட்டார். புதரை அறுக்கப் போகிறார் என்றே நினைத்தோம். அக்காவின் முகத்தை ஒருதரம் பார்த்தார். கத்தியைக் கூரையில் செருகிவிட்டு, அம்மாவிடம் நாளையிலிருந்து இன்னும் சீக்கிரமாகத் தண்ணீருக்குப் போகச் சொன்னார்.

இப்போது அங்கே ஊற்று இல்லை, நைனாவும் அக்காவும் இல்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து கிடக்கிறது. ஈரமணல் வாசனை வந்து எத்தனையோ காலமாயிற்று. முள்மரம் மட்டும் எங்கேயாவது ஒன்று நிற்கும். அந்தப் பக்கம் போனால் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: இங்கே ஒருவர் தண்ணீர் கேட்டார், கொடுக்கவில்லை என்று.