எண்ணெய் கேட்ட எஸ்தர் அக்கா

தேனி பஸ் ஸ்டாண்டில் போடி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் ஏலக்காய்க் கடைக்காரர்தான் எனக்குச் செய்தி சொன்னார். அவர் மகன் என்னிடம் கணக்குப் படித்தவன். அந்தப் பழக்கத்தில் பக்கத்தில் வந்து நின்று, மழை ஏமாற்றியதைப் பற்றியும் காய் சிறுத்துப்போனதைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, "சார், எங்க தெருவுல எண்ணெ கேட்ட அம்மா இருந்தாகள்ல, வெளிநாட்டுல இருந்து வந்தவுக, அவுக தவறிட்டாக. வெள்ளிக்கிழமை. மறுநாளே அடக்கம் பண்ணிட்டாக" என்றார். அன்று புதன்கிழமை.

எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை அதற்கப்புறம்தான். "அவுகளுக்குப் பேரு இருக்குய்யா! எஸ்தர்!" என்று பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திவிட்டேன். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்? ஆறு வருஷமாக அந்தத் தெருவில் அக்காவுக்கு அதுதான் பெயர். "தெரியாதுங்க சார், எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

போடி சபையார் கிறிஸ்துமஸ் மலரில் இந்த வருஷம் காலமானவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு கட்டுரை போடுகிறார்கள். எஸ்தர் அக்காவைப் பற்றி எழுத ஆளில்லை என்று கேள்விப்பட்டு, நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் சபைக்காரன் இல்லை. உத்தமபாளையத்துப் பக்கம் நெல் வயல் வைத்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவன். ஆனாலும் வெளிநாட்டில் அக்காவோடு பழகிய எட்டுக் குடும்பங்களில் இந்தப் பள்ளத்தாக்கில் மிச்சமிருப்பது நாங்கள் மட்டுமே. அந்தத் தெருவில் இருப்பவர்கள் இதை வாசிக்க வேண்டும். அவர் எதற்காக எண்ணெய் கேட்டார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எழுபதுகளில் ஜாம்பியாவில் ஒரு செம்புச் சுரங்க ஊரில் நான் வாத்தியாராக இருந்தேன். எஸ்தர் அக்கா அங்கே சுரங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் கணவர் தங்கராஜ் அண்ணன் பட்டறையில் போர்மேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள் அக்கா. அந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள், பேசினால் புரிந்துகொள்கிறவர்கள் என்று எல்லாரையும் சேர்த்தால் ஒன்பது வீடு. அதில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர், குமுளியிலிருந்து வந்த மலையாளக் குடும்பம் ஒன்று, கம்பத்து ராவுத்தர் ஒருவர். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் வீட்டு வாசலை இன்னொருவர் மிதித்திருக்க மாட்டோம். அங்கே வேறு வாசல் கிடையாது.

பண்டிகைகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவைத்திருந்தோம். யாருக்கும் வேறு நாளில் லீவு இல்லை. நான் போன மூன்றாம் வருஷம் கடைகளில் எண்ணெய் அடியோடு இல்லாமல் போனது. லாரி வருகிறது என்று யாராவது சொன்னால் கையில் பாட்டிலோடு ஓடி வரிசையில் நிற்போம். பாதி நாள் வெறும் பாட்டிலோடு திரும்புவோம். தீபாவளி நெருங்கியபோது ஒவ்வொரு வீட்டிலும் பதுக்கி வைத்திருந்தது ஒரு டம்ளர், மிஞ்சிப்போனால் ஒன்றரை. என் மனைவி கமலா, இந்த வருஷம் பலகாரமே வேண்டாம், வெறும் சோறு போதும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அக்கா அன்று சாயந்திரம் டியூட்டி முடிந்து அதே வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஏத்தா கமலா, ஒரு டம்ளர் எண்ணெய வச்சுக்கிட்டு ஒக்காந்து அழுவியா? ஒம்போது வீட்டு டம்ளரையும் ஒரே சட்டியில ஊத்து. எல்லார் மாவையும் அதுல சுடு. வெந்தது போக மிச்ச எண்ணெயப் பங்கு வச்சுக்குவோம்" என்றார். தங்கராஜ் அண்ணன் பட்டறையில் கிடந்த தடித் தகட்டை வளைத்து ஓர் இரும்புச் சட்டி செய்துகொடுத்தார். இரண்டு பக்கமும் பிடி. சரியாக ஒன்பது டம்ளருக்கு அளந்து செய்தது. எட்டு ஊற்றினால் முறுக்கு முங்காது. அக்காதான் அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

அன்றிலிருந்து தீபாவளி முறுக்கு, கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு, நோன்புப் பெருநாளுக்குச் சமோசா, எல்லாம் அந்த ஒரு சட்டியில்தான். எண்ணெய்த் தட்டுப்பாடு இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிட்டது. கடையில் டின் டின்னாக அடுக்கியிருந்தார்கள். ஆனாலும் டம்ளர் கொண்டுபோகும் வழக்கத்தை யாரும் விடவில்லை. டாக்டர் ஒருமுறை ஒரு முழு டின்னைத் தூக்கிக்கொண்டு பெருமையாக வந்தார். அக்கா அவரை வாசலிலேயே நிறுத்தி, "டின்ன வண்டியில வைங்க டாக்டர். ஒங்களுக்கும் ஒரு டம்ளர்தான்" என்றார். டாக்டர் வீட்டுக்குத் திரும்பிப் போய் டம்ளரில் ஊற்றி எடுத்து வந்தார்.

ஒரு வருஷம் ராவுத்தருக்கும் குமுளிக்காரருக்கும் கார் நிறுத்துகிற இடத்தில் வாய்த்தகராறு. இனி அந்த ஆள் வரும் இடத்துக்கு வர மாட்டேன் என்று ராவுத்தர் கதவைச் சாத்திக்கொண்டார். கிறிஸ்துமஸ் ஞாயிறு, மழை வெளுத்து வாங்குகிறது. அக்கா எட்டு டம்ளர் எண்ணெயோடு கிடந்த சட்டியை எங்கள் எல்லாருக்கும் காட்டினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு ராவுத்தர் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். "பாய், நீங்க அவரோட பேச வேணாம். மூஞ்சியக்கூடப் பாக்க வேணாம். ஒங்க டம்ளர் இல்லாம முறுக்கு முங்க மாட்டேங்குது. பிள்ளைக பசியோட நிக்குது. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்றார். ராவுத்தர் உள்ளே போய் டம்ளரோடு வந்தார். அன்று சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு பேரும் பேசிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது ஒரு மே மாதம். ஊரில் வீரபாண்டித் திருவிழா நடக்கிற நேரம். கமலா சாப்பிடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வீரபாண்டி அம்மன் கோயிலில் கம்பம் என்று ஒரு மரக்கிளையை நட்டு, அதற்கு ஆற்றுத் தண்ணீர் எடுத்து ஊற்றுவார்கள், அதை நினைத்து அழுகை. அக்கா இதைக் கேள்விப்பட்டு, ஒரு மரக்கிளையை வெட்டி எங்கள் கொல்லையில் நட்டு, வாளியைக் கமலா கையில் கொடுத்தார். "ஊத்துத்தா! எங்க பாஸ்டர் இங்கன இல்ல, ஒங்க ஆத்தாவும் கோவிச்சுக்கிட மாட்டா" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அக்காவும் ஒரு வாளி ஊற்றினார்.

தங்கராஜ் அண்ணன் ஒருநாள் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரை அங்கேயே அடக்கம் செய்தோம். அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. நாங்கள் தேனிக்கு வந்தோம். ஒரு வருஷம் கழித்து அக்காவும் போடிக்கு வந்தார். அப்பாவின் கடை கைமாறிப் போயிருந்தது, உடன்பிறந்தவர்கள் மெட்ராஸில் இருந்தார்கள். பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தார். பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே அந்த இரும்புச் சட்டியையும் கொண்டுவந்திருந்தார். பம்பாய் விமான நிலையத்தில் இது என்ன என்று அதிகாரி கேட்டாராம். "சட்டி. ஒங்களுக்கு வேற மாதிரித் தெரியுதா?" என்று அக்கா தமிழிலேயே கேட்டிருக்கிறார்.

அந்த முதல் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர் தெருவில் எட்டு வீடுகளுக்குப் போயிருக்கிறார். "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல பலகாரம் சுடுறோம். எல்லாரும் வந்துருங்க. வரும்போது ஆளுக்கு ஒரு டம்ளர் எண்ணெ கொண்டுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். அங்கே எட்டு வருஷம் சொன்ன அதே வார்த்தை. இது போடி, இங்கே ஒருவரை வீட்டுக்கு அழைத்து அவரிடமே எண்ணெய் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. வெளிநாட்டில் சம்பாதித்து வந்தவருக்கு ஒரு டின் எண்ணெய் வாங்க மனசில்லை என்று தெரு முழுக்கப் பேச்சு. நம்மை வேலைக்காரர்களாக நினைத்துவிட்டாள் என்று இரண்டு வீட்டில் கோபம். ஒருவரும் போகவில்லை.

எங்களுக்குக் கார்டு போட்டிருந்தார். 'டம்ளரோடு வந்துவிடுங்கள். நீங்கள் வந்தால் இங்கே உள்ளவர்களுக்கு நம் வழக்கம் விளங்கும்' என்று எழுதியிருந்தார். தேனியிலிருந்து போடிக்கு அரைமணி நேரப் பஸ். நான் போகவில்லை. கமலாவின் அண்ணன் வருவதாக இருந்தது, அரைப் பரீட்சைப் பேப்பர் கட்டு திருத்தாமல் கிடந்தது, அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அண்ணனும் அன்று வரவில்லை.

அடுத்த ஞாயிறு கடையில் வாங்கிய ஒரு மிட்டாய்ப் பெட்டியோடு போனேன். அக்கா பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். "எண்ணெ எங்க?" என்று கேட்டார். நான் அசடு வழிந்தேன். "அன்னைக்கு வெளிச்சம் மங்குற வரைக்கும் மாவப் பிசஞ்சு வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன் தம்பி. என் டம்ளர் ஒண்ணுதான் சட்டியில கெடந்துச்சு. நீ வந்திருந்தா இவுகளுக்கு வெளங்கியிருக்கும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் விடைபெற்று வெளியே வந்தபோது எதிர்வீட்டுப் பேச்சியம்மா தெருக்குழாயில் குடம் வைத்துக்கொண்டிருந்தார். நாலடி தூரம். அக்கா வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தார். நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தார். எனக்குத் தெரிந்தது. ஆனால் முன்பின் தெரியாத பெண்பிள்ளையிடம் போய் முறுக்குச் சட்டிக் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது? வெட்கமாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன். பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

அதன் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை. நான் வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை போவேன். ஒரு வருஷம் வீரபாண்டித் திருவிழாவில் கூட்டத்துக்குள் அவரைப் பார்த்தேன். அவர் சாமி கும்பிட வந்தவர் இல்லை. ராட்டினத்துக்குப் பக்கத்தில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். என்னக்கா, இங்கே எங்கே என்று கேட்டேன். "சும்மாதான் வந்தேன். அங்கன ஒம்போது வீடு, திருவிழா மாதிரி இருந்துச்சு. இங்கன இம்புட்டுக் கூட்டம், காலையில இருந்து ஒருத்தரும் என்கிட்டப் பேசல. மொதல் ஆளு நீதான்" என்றார். அன்றாவது வீட்டுக்குக் கூட்டிவந்து ஒருவாய் சோறு போட்டிருக்கலாம். ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டேன்.

செய்தி தெரிந்த மறுநாள் கமலாவையும் கூட்டிக்கொண்டு போடிக்குப் போனேன். கல்லறைக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போனோம். சாவி பேச்சியம்மாவிடம் இருந்தது. கடைசி இரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான். அந்தக் குழாய்ப் பக்கமே நின்று, ஆறு வருஷம் தாமதமாக, எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது வீடு, ஒன்பது டம்ளர், ராவுத்தர், டாக்டர் டின்னோடு வந்தது எல்லாம். பேச்சியம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா சார்? எங்க வீட்டுல எண்ணெ இல்லையா? அவுக எங்கள எளக்காரமா நெனச்சுக் கேக்காகன்னுல்ல நான் போகல. கஞ்சி குடுக்கப் போனப்பக்கூட இதக் கேக்க எனக்கு வாய் வரல. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த நீங்க சொல்லியிருந்தா மொத டம்ளரோட நான்தான் சார் போயிருப்பேன்."

இந்த மலரை வாசிக்கிற மற்ற ஏழு வீட்டாருக்கும் சொல்கிறேன். எஸ்தர் அக்கா உங்களிடம் எண்ணெய் கேட்கவில்லை. உங்கள் வீட்டு மனிதர்களில் ஒருவராகத் தன்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். அதை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லாமல் பஸ் பிடிக்கப் போனேன்.

இரும்புச் சட்டி கட்டிலுக்கு அடியில் பழைய வெள்ளைச் சேலையில் சுற்றிக் கிடந்தது. அவ்வளவு வருஷத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை. எண்ணெய் தடவித் தடவி வைத்திருக்கிறார். உறவுக்காரர்கள் வேண்டாம் என்று விட்டுப்போனதை நான் கேட்டு வாங்கி வந்தேன். அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்று.

போன ஞாயிற்றுக்கிழமை கமலா மாவு பிசைந்தாள். சட்டியை அடுப்பில் ஏற்றி எங்கள் வீட்டு டம்ளரில் எண்ணெய் அளந்து ஊற்றினேன். அது நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஓடி நின்றது. டின்னில் இன்னும் நிறைய இருந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. கமலா தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். பிறகு பற்றவைக்காமல் அடுப்பு மேடையில் வைத்துவிட்டாள்.