புத்தக விழாவில் பிதுக்கிய அவரை

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் டீச்சர் கூப்பிட்டபோது நான் முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். அவர் அடுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். அங்கே தமிழும் கன்னடமும் படிக்கிற சிலர் சேர்ந்து வாசகர் வட்டம் நடத்துகிறார்கள். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் புத்தக விழா, மதியம் எல்லோருக்கும் சாப்பாடு.

"நீதான் நெறைய படிப்பியேம்மா, வா" என்றார். "இந்த வாட்டி புக்ஸோட காய்கறியும் வைக்கிறோம். அவரேகாய் சீசன் வேற."

நிறையப் படித்தது பழைய கதை. இரண்டு வருடமாக ஒரு புத்தகத்தைக்கூட முடிக்க என்னால் உட்கார முடியவில்லை. வயிறு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தது. ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் கலக்கும். மீட்டிங் நடுவில் உப்பிக்கொள்ளும். சில நாள் சாதுவாக இருந்துவிட்டு, நான் நம்ப ஆரம்பிக்கும்போது மறுபடி காலை வாரும். குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் நார்மல் என்றார்கள். நார்மல் என்று கேட்ட அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதேன். அதற்கு ஒரு பெயராவது கிடைத்திருக்கலாம்.

பிறகு நானே ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பருப்பு, பயறு, பால், கோதுமை, கத்தரிக்காய். கடைசியில் தயிர்சாதமும் வேகவைத்த கேரட்டும்தான் தட்டில் மிஞ்சின. போனில் பார்த்து வாங்கிய பொடி டப்பாக்கள் சமையலறையில் வரிசையாக நின்றன. என் கணவருக்கு எனக்கு வயிறு சரியில்லை என்பது தெரியும். ஆனால் அதை நினைத்து நான் நாள் முழுக்க எப்படி நடுங்கிக்கொண்டிருந்தேன் என்பது தெரியாது. வயிற்றுப்போக்கு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான்.

டீச்சர் விடவில்லை. நானும் என் கணவரும் எங்கள் ஹெப்பகோடியிலிருந்து பஸ் ஏறினோம். காலையில் நான் எதுவும் சாப்பிடவில்லை. வெளியே போகிற நாளில் சாப்பிடாமல் இருப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. சில்க் போர்டு சிக்னலில் பஸ் நின்றது நின்றபடியே நிற்க, அந்தக் குளிரிலும் உள்ளங்கை வேர்த்தது. பக்கத்தில் என் கணவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். எழுப்பவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்துக்கொண்டேன். அதன் பிறகுதான் ஹால். நீள மேஜைகளில் புத்தகங்கள், ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் கன்னடம். வாசலுக்குப் பக்கத்தில் முள்ளங்கி, கொய்யா, சர்க்கரைவள்ளி, ஒரு கோணி நிறைய அவரைக்காய். பனியில் விளைந்த அவரையின் வாசனையை இந்த ஊரில் கன்னடத்தில் சொகடு என்பார்கள். காய்களின் மேல் பிசுபிசுவென்று எண்ணெய் மாதிரி ஒட்டும். ஹால் முழுக்க அந்த வாசனையும் புதுத் தாள் வாசனையும் கலந்து கிடந்தன.

நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு நாவலை எடுத்து முதல் பத்தியைப் படிப்பேன், வைத்துவிடுவேன். அடுத்த மேஜை. பிறகு வராண்டா. பிறகு மறுபடி ஹால். என் கணவர் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து ஏதோ மெஷின் பற்றிய புத்தகத்தில் மூழ்கிவிட்டார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனிதரால் எப்படி இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார முடிகிறது?

"ஏம்மா நடந்துட்டே இருக்க? வந்து கை குடு" என்று டீச்சர் கூப்பிட்டார்.

மேடைக்குக் கீழே ஜமுக்காளம் விரித்து, நடுவில் பெரிய பெரிய அலுமினியப் பாத்திரங்களை வைத்திருந்தார்கள். ராத்திரியே ஊறவைத்த அவரைக்கொட்டை. அதைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். கதை வாசிக்கும் நேரத்தில் வேலையும் முடிந்துவிடும் என்பது டீச்சரின் ஏற்பாடு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொட்டையின் நுனியைப் பிடித்து அழுத்தினால் பருப்பு துள்ளி வெளியே வரும், தோல் கையில் நிற்கும். நான் பிதுக்கிய முதல் பருப்பு எதிரே இருந்தவரின் கண்ணாடியில் போய் அடித்தது. "பரவால்ல மேடம், எல்லாருக்கும் அப்படித்தான்" என்று துடைத்துக்கொண்டார்.

மேடையில் ஒரு கல்லூரிப் பெண் தான் எழுதிய கதையை வாசித்தாள். காணாமல் போன பூனையைத் தேடி அபார்ட்மென்ட் அபார்ட்மென்டாக அலைகிற ஒருத்தியின் கதை. விரல்கள் பாட்டுக்கு வேலை செய்தன, காது கதையில் இருந்தது. கைதட்டல் கேட்டபோதுதான் ஒரு முழுக் கதை முடிந்திருப்பதும், நடுவில் நான் ஒருதடவைகூட எழுந்திருக்காததும் தெரிந்தது. தெரிந்த அந்த நிமிஷமே வயிறு கடமுட என்றது. எழுந்து வராண்டாவுக்கு ஓடினேன். ஒன்றுமில்லை. திரும்பி வந்தேன்.

அடுத்து ஒரு டயட்டீஷியன் பேசினார். சின்னப் பெண். "சீசன்ல என்ன வருதோ அத சாப்பிடுங்க. வருஷம் முழுக்க ஒரே மூணு காய சாப்பிட்டா குடல்ல இருக்கிற நல்ல கிருமிங்களுக்கும் போதாது. விதவிதமா குடுக்கணும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். யாரும் கேட்கவில்லை.

நான் எப்படி எழுந்து நின்றேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"இந்த அவரைய சாப்பிட்டுட்டு நான் பஸ்ல வீட்டுக்குப் போக முடியுமா?"

ஹாலே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. ஆனால் உட்காரவில்லை. "சிரிக்காதீங்க. நெஜமாத்தான் கேக்கறேன். ரெண்டு வருஷமா எங்க போனாலும் பாத்ரூம் எங்கன்னுதான் மொதல்ல பாக்கறேன். வெளிய கெளம்பற அன்னிக்கு சாப்பிடறதே இல்ல. பஸ்ஸுல ஒக்காந்தா உயிர் போகுது."

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் மேடை நுனிக்கு வந்தார்.

"பொய் சொல்ல மாட்டேன் மேம், எனக்குத் தெரியல" என்றார். "தோல் எடுத்ததால கொஞ்சம் லேசா இருக்கும். ஒரே ஒரு ஸ்பூன் சாப்பிட்டுப் பாருங்க, நாளைக்கு இன்னொரு ஸ்பூன். பட்டினி கெடக்காதீங்க, அது இன்னும் மோசம். பயத்துலயும் வயிறு கலங்கும் மேம். இன்னிக்கு மேடை ஏறணும்னு எனக்கே காலைலேருந்து..." என்று நிறுத்தி, கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார். இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. நானும் சிரித்தேன்.

திரும்பிப் பார்த்தபோது என் கணவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டில் பிதுக்குப் பருப்புக் குழம்பு, முள்ளங்கிப் பொரியல், சோறு. குழம்பு தேங்காயும் சோம்பும் மணக்க, பச்சை படர்ந்து இருந்தது. ஒரு ஸ்பூன் ஊற்றிக்கொண்டேன். பருப்பு வெண்ணெயாகக் கரைந்தது. இத்தனை நாள் நாக்குக்கு நான் எதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. இன்னொரு ஸ்பூன் வேண்டும்போல இருந்தது, ஊற்றிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது பொம்மனஹள்ளி தாண்டியதும் வயிறு இரைய ஆரம்பித்தது. நான் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். என் கணவர் அதைக் கவனித்துவிட்டு, "எறங்கலாமா?" என்று கேட்டார். அதற்கு முன் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. இறங்கி ஒரு ஓட்டலுக்குள் போனோம். வயிற்றில் வெறும் காற்றுதான். வெளியே வந்தால் எனக்காகச் சுக்குக் காபி வாங்கி வைத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "தருமபுரிக்கு எங்க அக்கா வீட்டு விசேஷத்துக்கெல்லாம் லீவு இல்லன்னு சொன்னியே, அது இதுக்குத்தானா?"

"ஆமா."

"எங்க வீட்டு ஆளுங்களயே உனக்குப் புடிக்கலன்னு நெனச்சிட்டிருந்தேன். அக்காவும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்கு."

இரண்டு வருடம் இந்த மனுஷன் அதை மனதில் வைத்துக்கொண்டே என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார். "சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீயும் சொல்லியிருக்கலாம்" என்றார். காபி ஆறும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

பொங்கலுக்குத் தருமபுரி போனோம். கிளம்பும் முன் இரண்டு இட்லி சாப்பிட்டேன். கிருஷ்ணகிரி தாண்டி வயிறு பிசைந்தது. என் கணவர் எழுந்து போய் டிரைவரிடம், "அண்ணா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க, வீட்ல வயிறு சரியில்ல" என்றார். பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டல் ஒன்றின் முன் ஓரங்கட்டினார். நான் தலையைக் குனிந்தபடி இறங்கினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், குழந்தையோடு ஒரு பெண், ஒரு பாட்டி, காலேஜ் பெண்கள் இரண்டு பேர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். "நல்லவேள நிறுத்தச் சொன்னீங்க. ஓசூர்லேருந்து அடக்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றாள் குழந்தைக்காரி.

நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தார். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார்.

"வயித்துக் கோளாறு அண்ணி. பஸ்ஸுன்னாலே பயம். அதான் வரல."

"அதச் சொல்றதுக்கா ரெண்டு வருஷம்?" என்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். கோபமா, சிரிப்பா என்று முகத்தில் தெரியவில்லை.

மதியம் இலையில் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது என் இலையை யாரும் எடுத்திருக்கவில்லை. நாத்தனார் ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.