குவாரிக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்ட கூட்டம்

தன் ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தை விரிவாக்கப் போகிறார்கள், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் நிலக்கரி கிடையாது. கருங்கல்தான். ஆனால் தோண்டுகிறவர் எதைத் தோண்டினாலும் கூட்டம் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஆகையால் போன மாசி மாதம் அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்குவாரிக் கூட்டத்துக்குப் போய்வந்ததை எழுதுகிறேன். ஊர்ப் பெயரைப் போடவில்லை. போட்டால் சொந்தக்காரர்கள் போன் செய்வார்கள்.

போன காரணம் என் தங்கை சரசு. அவளுக்கு அங்கே நாலு ஏக்கர் வாழையும் ஒரு கிணறும் ஓட்டு வீடும் இருக்கின்றன. குவாரியை விரிவாக்கினால் பள்ளம் அவள் கிணற்று மேட்டுக்கே வந்துவிடும். இப்போதே வெடி வைத்தால் ஓடு நகர்கிறது. "அண்ணா, நீங்க வந்து பேசோணும். இங்க இருக்கறவங்க எல்லாம் ரொம்ப மருவாதிக்காரங்க" என்றாள். எனக்கு மரியாதை போதாது என்று இந்தக் குடும்பத்தில் நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறார்கள். கல்யாணத்துக்குக்கூட யோசித்துத்தான் கூப்பிடுவார்கள். இப்போது தேவைப்பட்டேன்.

ஆர்.எஸ்.புரத்திலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்பினேன். மகன் கார் பிடித்துத் தருகிறேன் என்றான். பஸ் ஓடுகிற ஊருக்கு எதற்குக் கார்? காந்திபுரம் வரை ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு நூற்றுக்கு இறங்கினார். அங்கிருந்து அன்னூர் முப்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வலது பக்கம் உட்காராதீர்கள், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நான் உட்கார்ந்தேன். இடம் மாறச் சொன்ன கண்டக்டரின் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்னூரிலிருந்து ஊருக்குப் பங்கு ஆட்டோதான். ஓட்டுநர் என் வெள்ளை வேட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, குவாரிக் கூட்டத்துக்குங்களா? எந்தப் பக்கமுங்க?" என்றார்.

"எந்தப் பக்கம்னா?"

"வேணும்ங்கறவங்களுக்குச் சும்மாங்க. வாடகையக் குவாரிக்காரங்களே குடுத்துருவாங்க. வேண்டாம்ங்கறவங்களுக்கு முப்பது ரூவாங்க."

"வேண்டாம்."

"இப்ப வேணும்னு சொல்லி ஏறிக்குங்க, அங்க போயி மாத்திக்கலாம்."

முப்பது ரூபாயை எடுத்துக் கையில் வைத்தேன். வண்டியில் இருந்த மற்ற ஐந்து பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். வழியெல்லாம் ஜல்லி லாரிகள். தூசிக்கு ஒரு துண்டு கட்டாயம் கொண்டு போங்கள்.

கூட்டம் கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழை மரம்கூட வாசலில் அப்படியே நின்றது. அதன் பக்கத்தில் நின்று குவாரி முதலாளி தங்கவேலு எல்லாரையும் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தார். அவர் என் தங்கை புருஷனின் பங்காளி. "வாங்க மச்சான், காப்பி சாப்பிடுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லி உள்ளே போனேன். என் முன்னால் போன எதிர்ப்பாளர்கள் அத்தனை பேரும் குடித்தார்கள்.

மேசையில் அதிகாரி. தெற்கத்திக்காரர், நல்ல மனிதராகத் தெரிந்தார். ஆளுக்கு மூன்று நிமிடம், பிறகு மணி அடிக்கும். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் சாரத்தை ஒரு குமாஸ்தா எழுதிப் படிப்பார். தங்கவேலுவும் உள்ளே வந்து தனக்கு வைத்திருந்த மைக் முன்னால் உட்கார்ந்தார். குவாரித் தரப்பு முதலில் பேசியது. வெடியின் அதிர்வு வேலியைத் தாண்டாது என்று படம் போட்டுக் காட்டினார்கள்.

அடுத்து வாழை விவசாயி நாச்சிமுத்து எழுந்தார். கிணறு வற்றிப்போன மனிதர். எங்கள் பக்கத்தில் ஒருவரை நேரில் வைத்துக்கொண்டு குறை சொல்வதென்றால் முதலில் அவர் குடும்பத்தை நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். "தங்கவேலண்ணன் நல்ல மனுசனுங்க. அவிங்கப்பா எங்க ஊட்டுக் கல்யாணத்துல மூணு நாள் பந்தி பரிமாறுனாருங்க. கோயலுக்குத் தளம் போட்டுக் குடுத்ததும் அண்ணந்தானுங்க. அவிங்கம்மாவுக்கு இப்ப முட்டிவலி எப்படிங்க?" என்றார். பரவாயில்லைங்க என்று தங்கவேலு பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. குமாஸ்தா படித்தார்: "விரிவாக்கத்துக்கு ஆதரவு."

இப்படியே ஆறு பேர். ஆறாமவர் மட்டும் "ஆனாலுங்க" வரைக்கும் வந்தார்.

நான் எழுந்தேன். அதிகாரி ஆதாரைக் கேட்டார். முகவரி ஆர்.எஸ்.புரம் என்றிருந்தது. உள்ளூர்க்காரர்கள் பேசி முடித்து நேரம் இருந்தால்தான் நீங்கள் என்றார். உட்காரவைத்த முறை சரியில்லை என்று அங்கேயே சொன்னேன். அதை மட்டும் குமாஸ்தா எழுதவில்லை.

ஆகவே சரசு தானே மைக்கைப் பிடித்தாள். "தம்பி நல்லவருங்க" என்று அவளும் ஆரம்பித்தாள். நான் தலையில் கை வைத்தேன்.

"ஆனா பக்கத்துலயே இருந்தும் இந்தத் தம்பி எங்கூட்டுல ஒரு வாய் சோறு தின்னதில்லீங்க. இன்னிக்கு வாங்க தம்பி. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வெச்சிருக்கறன். ஒரு மணிக்கு இலை போடறன். நீங்க வெடி வெக்கறதும் ஒரு மணிக்குத்தானுங்களே. ஐயாவும் வாங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது பங்காளி வீட்டுச் சாப்பாட்டை மறுக்க முடியாது. மறுத்தால் அடுத்த விசேஷத்தில் அவர் முகத்தை யார் பார்ப்பார்கள்? தங்கவேலு, "அதுக்கென்னங்க நங்கையா, வாரேன்" என்றார். அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு குனிந்து போனை எடுத்தார். அவர் முன்னாலிருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை.

"சண்முகா, இன்னிக்கு மத்தியானம் வெடி வெக்காதீங்கடா. நான் நங்கையா ஊட்டுல சோறு திங்கப் போறன். ஓடு கீடு தலைல உழுந்துறப் போகுது."

அதிகாரி குவாரித் தரப்பு காட்டிய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"அதிர்வுதான் வேலியைத் தாண்டாதே" என்றார் அதிகாரி.

"தாண்டாதுங்க."

"அப்புறம் ஏன் நிறுத்தச் சொன்னீங்க?"

தங்கவேலு தண்ணீர் குடித்தார். "போன்ல பேசினதையும் எழுதிக்கோங்க" என்று அதிகாரி குமாஸ்தாவிடம் சொன்னார். உடனே நாச்சிமுத்து எழுந்து, "நானும் அதத்தானுங்க சொல்ல வந்தன். மணியடிச்சுப் போட்டீங்க" என்றார். ஆறு பேரையும் மறுபடி பேச விட்டார்கள். இந்த முறை முட்டிவலியை யாரும் விசாரிக்கவில்லை.

அதிகாரி சாப்பிட வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து நகர்ந்த ஓடுகளையும் சுவரில் இருந்த விரிசலையும் அளந்துகொண்டு போனார். தங்கவேலு வந்து இரண்டு முறை ரசம் வாங்கிக்கொண்டார். சாப்பிடும்போது இடையிடையே கூரையைப் பார்த்தார்.

இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க: உள்ளூர் முகவரி உள்ள ஆதார் அவசியம். ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். "எதிர்க்கிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள், நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வர ஐந்தே காலுக்கு ஒரு பஸ் உண்டு என்பார்கள், நம்பாதீர்கள். மற்றபடி, என்னைப் பேச விட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அனுமதி உண்டா இல்லையா என்று இன்னும் முடிவு வரவில்லை. மறுநாளே வெடி மறுபடி ஆரம்பித்துவிட்டது. அதனால் சரசு ஒவ்வொரு புதன்கிழமையும் தங்கவேலுவைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவரும் வருகிறார். அந்த ஒரு நாள் மட்டும் ஓடு நகர்வதில்லை.

நேற்றுப் போன் செய்தாள். "ஏண்ணா, தெனமுமே கூப்பிட்டா மருவாதியா இருக்குமா?"

கூப்பிடு என்றேன். அரிசி நான் அனுப்புகிறேன்.