மூஞ்சிப் பூ

ஒரகடம் ரோட்டை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்களே, அதற்கு அடுத்த கார்த்திகை. அதில் ஒரு மரத்தை விறகுக்குக் கேட்டு என் மச்சான் அலையாய் அலைந்தான், கிடைக்கவில்லை. அது வேறு கதை. நான் அப்போது ஒரு கம்பெனியில் தோட்டவேலை. வேர்க்கடலை போட்டுப் பழகிய என் கைக்கு ஓசூரிலிருந்து தட்டுத் தட்டாகப் பான்சி என்ற சீமைப் பூ நாற்று வந்து இறங்கியது. பூவுக்குப் பூ மீசை வைத்த மூஞ்சி. மூஞ்சிப் பூ என்றே சொன்னோம்.

தை கடைசியில் வெளிநாட்டு முதலாளி வருகிறார், பாத்தி நிறையப் பூ இல்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் பாதியில் எழுந்து போய்ப் பார்ப்பேன். வெயில் ஏறினால் தென்னங்கீற்றைச் சாய்ப்பேன், மேகம் வந்தால் எடுப்பேன். கம்பெனி கேட்டுக்குக் கிழக்கே ஒரு பாத்தி, மேற்கே ஒரு பாத்தி. இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பேன்.

மார்கழி பிறந்த ஒரு காலை, கேட்டுப் பிள்ளையார் முன்னால் கோலம். சாணி உருண்டைகளின் மேல் பூசணிப்பூவுக்குப் பதில் என் மூஞ்சிகள் உட்கார்ந்து என்னையே பார்த்தன. பெருக்க வரும் வடக்குப்பட்டுப் பெண்ணின் வேலை.

"இன்னாம்மா, என் சோத்துல கைய வெச்சிட்டியே."

"பூசணிக் கொடி எங்க மாமா கீது? பூசணி போட்ட கொல்லையிலதான் கம்பெனியே நிக்குது. புள்ளையாருக்கு இன்னாத்த வெக்கிறது, ஹெல்மெட்டா?"

சாமி காரியம், மேலே பேசப் பயம். கிழக்கில் மட்டும் கிள்ளிக்கொள், மேற்கில் கை வைக்காதே என்று பேசி முடித்தோம். மேற்குப் பாத்திக்குக் கயிறு கட்டிக் காவல் இருந்தேன்.

பொங்கலன்று பார்த்தால், நான் காத்த மேற்கில் பூவெல்லாம் காய் கட்டி, செடி மஞ்சளித்து நின்றது. அவள் தினமும் கிள்ளிய கிழக்கில் இலை தெரியாமல் மொட்டு. காய் கட்டினால் செடி பூப்பதை விட்டுவிடும் என்று அப்போதுதான் புரிந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"மார்கழிதான் முடிஞ்சிடுச்சே மாமா."

"முடிஞ்சா இன்னா, கிள்ளும்மா."

இரண்டு பேருமாக மேற்கில் ஒரு காய் விடாமல் கிள்ளிப் போட்டோம். பிறகும் மொட்டு தெரியும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. முதலாளி வந்த அன்று மேற்கிலும் பாதிக்குப் பாதி பூத்திருந்தது. அவர் கார் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. காண்ட்ராக்டர் வேறு ஆள் போடவில்லை; மறுநாளும் வேலைக்குப் போனேன்.

இன்றைக்கும் காய் கட்டின பூவைக் கண்டால் என் விரல் சும்மா இருக்காது. உங்களுக்குத் தெரிந்து யாராவது பான்சி வைத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்: கயிறு கட்ட வேண்டாம், கிள்ளச் சொல்லுங்கள்.